ஆர்டருக்கு ரேட் குறையுமா? ஐ.டி. பிளாக் ஆகுமா?- சென்னீர்குப்பம் டெலிவரி தொழிலாளர்கள் கலக்கம்: புதிய சட்டம் கைகொடுக்குமா?

பூந்தமல்லி-ஆவடி சாலையில் உள்ளது சென்னீர்குப்பம். காலை டிபன் நேரத்தில் தொடங்கி நள்ளிரவு பிரியாணி வரை இந்த சாலையில் முதுகில் பெட்டியுடன் பறக்கும் இருசக்கர வாகனங்களுக்கு குறைவே இல்லை. கரையான்சாவடி, குமணன்சாவடி பக்கம் உள்ள ஓட்டல்களில் பார்சல் வாங்கி பாரிவாக்கம், காடுவெட்டி, திருவேற்காடு, மாங்காடு என்று நாலாபக்கமும் ஓடுகிறார்கள். இன்னொரு பக்கம் ஆன்-லைனில் வாங்கிய செல்போன், துணிமணி, மளிகை பார்சல்களை மூட்டையாக கட்டிக்கொண்டு வீடு வீடாக போகிறவர்கள்.

பட்டதாரி வாலிபர்களும் இருக்கிறார்கள். கம்பெனி வேலை போன குடும்பஸ்தர்களும் இருக்கிறார்கள். ஷிப்டு முடிந்ததும் செலவுக்காக 4 மணி நேரம் ஓட்டுபவர்களும் உண்டு.

ஆளுக்கு ஆள் கதை வேறு. ஆனால் கவலை இரண்டுதான். "நாளைக்கு ஒரு ஆர்டருக்கு என்ன ரேட் வரும்?" என்பது ஒன்று. "நாளைக்கு காலையில் என் ஐ.டி. ஓப்பன் ஆகுமா?" என்பது இன்னொன்று.

நாடு முழுவதும் 2025 நவம்பர் 21-ந்தேதி புதிய தொழிலாளர் சட்டங்கள் அமலுக்கு வந்தன. டெலிவரி தொழிலாளர்களின் பெயர் முதன் முறையாக மத்திய சட்டத்தில் ஏறி இருக்கிறது. அப்படியானால் இந்த இரண்டு கவலையும் தீர்ந்ததா? அதன் விவரம் வருமாறு:-

சம்பளம் அல்ல, ரேட்

மாத சம்பளக்காரருக்கு ஒன்றாம் தேதி என்ன வரும் என்று தெரியும். டெலிவரி தொழிலாளிக்கு அப்படி இல்லை. தூரத்துக்கு ஒரு பணம், ஓட்டலில் காத்திருந்தால் ஒரு பணம், மழை பெய்தால் அல்லது கூட்ட நேரம் என்றால் கொஞ்சம் கூடுதல், இத்தனை ஆர்டர் முடித்தால் இன்சென்டிவ் என்று பல துண்டுகளாக பணம் வருகிறது. எந்த துண்டை எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்பது கம்பெனியின் கையில். ஆப்பில் ஒரு மெசேஜ் வரும். அவ்வளவுதான், புது ரேட்.

சென்னை புறநகரில் இன்னொரு தொல்லையும் உண்டு. கரையான்சாவடியில் பார்சல் எடுத்து ஊருக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு நகரில் கொண்டுபோய் கொடுத்தால், திரும்பி வரும்போது ஆர்டர் கிடைக்காது. காலியாகத்தான் வரவேண்டும். வண்டி பெட்ரோல் குடிக்கும், பணம் வராது.

ரூ.5 குறைந்தால் என்ன ஆகும்?

"ஆர்டருக்கு அஞ்சு ரூபாதானே குறைச்சிருக்காங்க" என்று வெளியில் இருப்பவர்கள் சொல்லலாம். அந்த 5 ரூபாய் என்ன செய்யும் என்று ஒரு கணக்கு போட்டு பார்ப்போம்.

சொமாட்டோ நிறுவனர் தீபிந்தர் கோயல் 2026-ம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு கணக்கு வெளியிட்டார். தங்கள் டெலிவரி ஊழியர்கள் டிப்ஸ் இல்லாமல் மணிக்கு சராசரியாக 2024-ல் ரூ.92-ம், 2025-ல் ரூ.102-ம் சம்பாதித்ததாக அவர் கூறினார். இது பெட்ரோல் செலவுக்கு முந்தைய தொகை. பெட்ரோல், பராமரிப்பு செலவு சுமார் 20 சதவீதம் என்றும் அவர் கணக்கு சொன்னார்.

அந்த ரூ.102-ஐயே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஒருவர் 10 மணி நேரம் ஓட்டுகிறார். 20 ஆர்டர் முடிக்கிறார். ஆர்டருக்கு ரூ.40 வீதம் ரூ.800. இன்சென்டிவ் ரூ.220. மொத்தம் ரூ.1,020.

இப்போது செலவு. காலியாக திரும்பும் தூரத்தையும் சேர்த்து 135 கிலோ மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 45 கிலோ மீட்டர் மைலேஜ் என்றால் 3 லிட்டர் பெட்ரோல். லிட்டர் ரூ.100 என்று ரவுண்டாக போட்டால் ரூ.300. ஆயில், டயர், பிரேக் சர்வீசுக்கு தினம் ரூ.50 ஒதுக்க வேண்டும். வண்டி தவணை மாதம் ரூ.3 ஆயிரம் என்றால் தினம் ரூ.100. ஆக செலவு ரூ.450. கையில் நிற்பது ரூ.570.

இந்த நிலையில் ஆர்டருக்கு ரூ.5 குறைகிறது. ரேட்டில் இது எட்டில் ஒரு பங்குதான். ஆனால் பெட்ரோல் குறையாது, தவணை குறையாது. குறையும் 100 ரூபாயும் அப்படியே வீட்டுக்கு போகும் பணத்தில் இருந்துதான் போகிறது. ரூ.570 என்பது ரூ.470 ஆகிவிடும். 26 நாள் ஓட்டினால் மாதம் ரூ.2,600 துண்டு விழும். ஒரு வீட்டின் மளிகை கடன் அடைபடும் பணம் அது.

அதே ஆளுக்கு ஒருநாள் 20-வது ஆர்டர் விழவில்லை, 19-ல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான ரூ.40-ம் போச்சு, இன்சென்டிவ் ரூ.220-ம் போச்சு. கையில் நிற்பது ரூ.310 மட்டுமே. கடைசி ஒரு ஆர்டருக்காக இரவு 11 மணிக்கு மேலும் ரோட்டில் நிற்பதும், சிக்னலில் அவசரப்படுவதும் இதனால்தான்.

சென்னையில் வெடித்த போராட்டம்

ரேட் பிரச்சினை நேற்று இன்று வந்தது அல்ல. கொரோனா ஊரடங்கு காலத்தில் 2020 ஆகஸ்டு மாதம் சென்னையில் சுவிகி டெலிவரி ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் குதித்தனர். ஒரு டெலிவரிக்கு ரூ.35 ஆக இருந்த தொகை ரூ.15 ஆக குறைக்கப்பட்டுவிட்டதாக அவர்கள் குற்றம்சாட்டினார்கள். நிறுவனம் இதை மறுத்தது. ரூ.15 என்பது மொத்த தொகையில் ஒரு பகுதி மட்டுமே என்று விளக்கம் சொன்னது.

யார் கணக்கு சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். தனக்கு வரும் பணம் எப்படி கணக்கிடப்படுகிறது என்பதே வேலை செய்பவருக்கு தெளிவாக தெரியவில்லை என்பதை அந்த போராட்டம் வெளிச்சம் போட்டு காட்டியது.

அதன்பிறகு 2025 டிசம்பர் 25 மற்றும் 31-ந்தேதிகளில் நாடு தழுவிய வேலைநிறுத்தத்துக்கு சங்கங்கள் அழைப்பு விடுத்தன. வெளிப்படையான ரேட், காரணம் இல்லாமல் ஐ.டி. பிளாக் செய்வதை நிறுத்துவது, 10 நிமிட டெலிவரியை கைவிடுவது ஆகியவை முக்கிய கோரிக்கைகள். புத்தாண்டு இரவில் கூட்ட நேரத்துக்கு ஆர்டருக்கு ரூ.120 முதல் ரூ.150 வரை தருவதாக சொமாட்டோ அறிவித்தது. அன்று சொமாட்டோவிலும் அதன் பிளிங்கிட்டிலும் சேர்த்து 75 லட்சம் ஆர்டர்கள் டெலிவரி ஆனதாக நிறுவனம் கூறியது.

ஆனாலும் போராட்டம் வீண் போகவில்லை. 2026 ஜனவரியில் மத்திய தொழிலாளர் நல மந்திரி மன்சுக் மாண்டவியா நிறுவனங்களுடன் பேசினார். அதைத்தொடர்ந்து பிளிங்கிட் தன் விளம்பரத்தில் இருந்து "10 நிமிடம்" என்ற வாசகத்தை எடுத்தது.

ரேட் விஷயத்தில் இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஆள் தேவைப்படும் இரவில் ரூ.150 வரை தர முடிகிறது. ஆள் நிறைய இருக்கும் மற்ற நாளில் ரேட் இறங்குகிறது. அடிமட்ட ரேட் இதுதான், இதற்கு கீழே போகக்கூடாது என்று சொல்ல நடுவில் யாரும் இல்லை.

ஏன் கேட்க முடியவில்லை?

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே ஒரு வார்த்தை. கம்பெனி கணக்கில் இவர்கள் "தொழிலாளி" அல்ல, "டெலிவரி பார்ட்னர்". அதாவது சொந்த வண்டியில், இஷ்டப்பட்ட நேரத்தில் தொழில் செய்யும் கூட்டாளி. தொழிலாளி என்றால் குறைந்தபட்ச கூலி, பி.எப்., இ.எஸ்.ஐ., வேலையை விட்டு எடுக்க நோட்டீஸ் எல்லாம் தரவேண்டும். கூட்டாளிக்கு இவை எதுவும் கிடையாது.

நேரத்தை தாங்களே முடிவு செய்யலாம் என்பதற்காகவே இந்த வேலைக்கு வந்தவர்களும் உண்டு. படித்துக்கொண்டே ஓட்டும் மாணவருக்கு அது வசதிதான். ஆனால் இதையே முழு நேர பிழைப்பாக வைத்து, வாடகையும் பள்ளிக்கூட பீசும் கட்டுகிற குடும்பஸ்தருக்கு இது கழுத்துக்கு மேல் தொங்கும் கத்தி.

நிதி ஆயோக் 2022-ல் வெளியிட்ட அறிக்கைப்படி இந்தியாவில் இப்படி ஆப் மூலமும் மற்ற தற்காலிக முறையிலும் வேலை செய்யும் "கிக்" தொழிலாளர்கள் 2020-21-ல் 77 லட்சம் பேர். 2029-30-ல் இது 2 கோடியே 35 லட்சம் ஆகும் என்று அந்த அறிக்கை மதிப்பிட்டது.

புதிய சட்டம் தருவது என்ன?

பாராளுமன்றத்தில் 2020-ல் நிறைவேறி, 5 ஆண்டுகள் கழித்து 2025 நவம்பரில் அமலுக்கு வந்தது சமூக பாதுகாப்பு சட்டத்தொகுப்பு. அதில் டெலிவரி தொழிலாளர்களுக்கு உள்ள அம்சங்கள்:-

* ஆப் நிறுவனங்கள் தங்கள் ஆண்டு வர்த்தக தொகையில் 1 முதல் 2 சதவீதம் வரை சமூக பாதுகாப்பு நிதிக்கு கட்ட வேண்டும்.

* இந்த தொகை, தொழிலாளர்களுக்கு அந்த நிறுவனம் கொடுக்கும் பணத்தில் 5 சதவீதத்தை தாண்ட வேண்டியது இல்லை.

* விபத்து காப்பீடு, உயிரிழப்பு மற்றும் ஊனத்துக்கு பாதுகாப்பு, மருத்துவம், பேறுகால உதவி, முதுமை கால உதவி ஆகிய திட்டங்களை இந்த நிதியில் இருந்து கொண்டு வரலாம்.

* இதற்கு தொழிலாளி ஆதார் எண்ணுடன் பதிவு செய்திருக்க வேண்டும்.

இதில் ஒரு முக்கிய நிபந்தனையை கவனிக்க வேண்டும். மத்திய அரசு 2025 டிசம்பர் இறுதியில் வெளியிட்ட வரைவு விதிகளில், ஒரு ஆண்டில் ஒரே நிறுவனத்தில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்று கூறப்பட்டது. பல நிறுவனங்களில் மாறி மாறி ஓட்டினால் மொத்தம் 120 நாள் வேண்டும். ஒரே நாளில் 3 ஆப்பில் வேலை செய்தால் அது 3 நாளாக கணக்கில் வரும்.

தினமும் ஓட்டுகிறவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. ஆனால் சொமாட்டோ சொன்ன கணக்கில், 2025-ல் ஒரு ஊழியர் சராசரியாக அதில் வேலை பார்த்தது வெறும் 38 நாள்தான். இப்படி நடுவில் வந்து நடுவில் போகிறவர்கள் பலருக்கு 90 நாள் கணக்கு எட்டாது.

தராதது என்ன?

தொடக்கத்தில் சொன்ன இரண்டு கவலைக்கு வருவோம். ஆர்டருக்கு குறைந்தபட்சம் இவ்வளவு தரவேண்டும் என்று இந்த சட்டத்தில் இல்லை. ஐ.டி.யை நிறுத்தும் முன்பு இத்தனை நாள் நோட்டீஸ் தரவேண்டும் என்றும் இல்லை.

சுருக்கமாக சொன்னால், அடிபட்டால் உதவி கிடைக்க வழி வந்திருக்கிறது. ஓடிக்கொண்டு இருக்கும்போது கிடைக்கும் கூலிக்கு காவல் வரவில்லை.

பக்கத்து மாநிலத்தில் எப்படி?

இந்தியாவிலேயே முதலில் 2023-ல் ராஜஸ்தான் மாநிலம் இவர்களுக்கு தனி சட்டம் கொண்டு வந்தது. அடுத்து 2025-ல் கர்நாடக சட்டம் வந்தது. ஒவ்வொரு முறை தொழிலாளிக்கு பணம் கொடுக்கும்போதும் அதில் 1 முதல் 5 சதவீதம் வரை நல நிதிக்கு நிறுவனம் தனியாக கட்ட வேண்டும் என்கிறது கர்நாடக சட்டம்.

அதைவிட முக்கியம், ஒப்பந்தத்தை மாற்றுவதாக இருந்தால் 14 நாள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வேலையில் இருந்து நிறுத்துவதாக இருந்தாலும் காரணத்தை எழுத்தில் கொடுத்து 14 நாள் நோட்டீஸ் தரவேண்டும். ரேட் எவ்வளவு என்பதை இந்த சட்டமும் நிர்ணயிக்கவில்லை. ஆனால் "ராத்திரியோடு ராத்திரியாக" மாற்றுவதற்கு தடை போட்டிருக்கிறது. 14 நாள் அவகாசம் என்றால் வேறு ஆப்புக்கு மாறவும், முறையிடவும், வீட்டு தவணைக்கு வழி பார்க்கவும் நேரம் கிடைக்கும்.

லண்டனில் ஒரு பக்கம் வெற்றி, ஒரு பக்கம் தோல்வி

வெளிநாட்டிலும் இதே வழக்குதான். இங்கிலாந்து சுப்ரீம் கோர்ட்டு 2021 பிப்ரவரி 19-ந்தேதி அளித்த தீர்ப்பில், ஊபர் டிரைவர்கள் தொழிலாளர்கள்தான் என்று கூறியது. அவர்களுக்கு குறைந்தபட்ச கூலியும் சம்பளத்துடன் விடுமுறையும் கிடைத்தது.

ஆனால் அதே கோர்ட்டு 2023 நவம்பரில் டெலிவரூ உணவு டெலிவரி ஊழியர்கள் வழக்கில் வேறு மாதிரி தீர்ப்பு சொன்னது. தனக்கு பதிலாக வேறு ஒருவரை அனுப்ப அவர்களுக்கு அனுமதி இருந்ததை முக்கியமாக எடுத்துக்கொண்டு, சங்கத்தின் மூலம் பேரம் பேசும் உரிமையை கொடுக்க மறுத்தது. ஸ்பெயின் நாட்டில் 2021-ல் தனி சட்டமே போட்டு உணவு டெலிவரி செய்பவர்களை தொழிலாளர்களாக கருத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

கையெழுத்து போடும் ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு வரிகூட பின்னாளில் கோர்ட்டில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதற்கு லண்டன் வழக்குகள் உதாரணம்.

தமிழ்நாட்டில் என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டில் இவர்களுக்காக தனி நல வாரியம் அமைக்கப்படும் என்று 2023 ஆகஸ்டு 15-ந்தேதி சுதந்திர தின உரையில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அந்த ஆண்டு இறுதியில் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்கள் நல வாரியம் அமைக்கப்பட்டது. 1982-ம் ஆண்டு உடல் உழைப்பு தொழிலாளர்கள் சட்டத்தின் கீழ் வந்த வாரியம் இது. ஆட்டோ டிரைவர், தையல் தொழிலாளி வாரியங்களைப் போலத்தான். விபத்து மரணம், ஊனம், இயற்கை மரணம், பிள்ளைகள் கல்வி, திருமணம், மகப்பேறு, கண் கண்ணாடி, ஓய்வூதியம் போன்றவற்றுக்கு உதவித்தொகை தரும் இடம்.

2025-26 பட்ஜெட்டில் 2 ஆயிரம் பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்க தலா ரூ.20 ஆயிரம் மானியம், குழு காப்பீடு, சென்னை-கோவையில் ஓய்வு அறைகள் என்ற அறிவிப்புகளும் வந்தன. நல்லதுதான். ஆனால் வாரியம் உதவித்தொகை தரும் இடம், ரேட்டை நிர்ணயிக்கும் இடம் அல்ல. கர்நாடகாவைப்போல நோட்டீஸ் தரும் கட்டாயம் வேண்டும் என்றால் அதற்கு சட்டம்தான் வேண்டும்.

நீங்கள் எந்த ரகம்?

பார்சல் போடுபவர்கள், மினி வேன் ஓட்டுபவர்கள் ஒரு விஷயத்தை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் ஆப் "பார்ட்னர்" அல்ல. சிலர் காண்டிராக்டரிடம் மாத சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். கொடுக்கும் வேலையை சொல்லும் நேரத்தில் செய்து மாத சம்பளம் வாங்குபவர் தொழிலாளிதான். அவர் சம்பள சீட்டு, பி.எப்., இ.எஸ்.ஐ. கேட்கலாம். "நீயும் டெலிவரி பையன்தானே, உனக்கு எதுக்கு பி.எப்.?" என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

உடனே செய்ய வேண்டியவை

சட்டம் முழுதாக வரும் வரை கையை கட்டிக்கொண்டு இருக்க வேண்டியது இல்லை. செலவு இல்லாமல் செய்யக்கூடியவை இவை:-

1. மத்திய அரசின் இ-ஷ்ரம் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். ஆதாரும் அதில் இணைத்த செல்போன் எண்ணும் வேண்டும். 12 இலக்க எண் கிடைக்கும். சந்தேகம் இருந்தால் 14434 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம்.

2. தமிழ்நாடு நல வாரியத்திலும் பதிவு செய்யுங்கள். சென்னீர்குப்பம், பூந்தமல்லி பகுதியினருக்கு திருவள்ளூர் மாவட்ட தொழிலாளர் உதவி ஆணையர் (சமூக பாதுகாப்பு திட்டம்) அலுவலகம்தான் அணுக வேண்டிய இடம். 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் சேரலாம்.

3. வாரம் ஒருமுறை ஆப்பில் உங்கள் வருமான பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எத்தனை நாள் வேலை செய்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. ஐ.டி. பிளாக் ஆகிவிட்டால் அந்த பக்கத்தையே திறக்க முடியாமல் போகலாம். எனவே வேறு செல்போனிலோ, மனைவிக்கோ அனுப்பி வைப்பது நல்லது.

4. ரேட் மாறியதாக வரும் மெசேஜை அழிக்காதீர்கள். தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஐ.டி.யை அடுத்தவருக்கு கொடுக்காதீர்கள். பிளாக் ஆனால் கேட்க வழி இருக்காது. அவர் விபத்தில் சிக்கினால் காப்பீடும் கிடைக்காது.

6. உங்கள் கம்பெனி விபத்து காப்பீடு எப்போது செல்லும் என்று கேட்டு வையுங்கள். ஆர்டர் கையில் இருக்கும்போது மட்டுமா, லாக்-இன் செய்த நேரம் முழுவதுமா என்பது தெரிய வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கும் அதை சொல்லி வையுங்கள்.

7. தினமும் செலவு கணக்கு எழுதுங்கள். ஆப் காட்டுவது வரவு மட்டும்தான். கையில் நின்றது எவ்வளவு என்று தெரிந்தால்தான் எந்த ஆப், எந்த நேரம் லாபம் என்று முடிவு செய்ய முடியும்.

கேட்க வேண்டிய கேள்வி

மழையில் நனைந்தபடி வாசலில் வந்து நிற்கும் வாலிபரிடம் "ஏன் லேட்?" என்று கேட்கிறோம். அவருக்கு 20-வது ஆர்டர் நம்முடையதாக இருக்கலாம். அது முடிந்தால்தான் அன்றைய இன்சென்டிவ் விழும்.

வாரியம் வந்தது, மத்திய சட்டம் வந்தது. இரண்டும் கேட்டு வாங்கியவைதான். 10 நிமிட விளம்பரம் போனதும் கேட்டதால்தான். மிச்சம் இருப்பது இரண்டே கேள்வி. ஆர்டருக்கு அடிமட்ட ரேட் என்ன? ஐ.டி.யை நிறுத்த எத்தனை நாள் நோட்டீஸ்?

இந்த இரண்டுக்கும் பதில் வந்தால்தான் சென்னீர்குப்பத்தில் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யும் தொழிலாளி, மாலையில் வீட்டுக்கு என்ன கொண்டு வருவோம் என்று தெரிந்து கிளம்ப முடியும்.